அந்த 768 சதுர அடி யாருடையது?

செட்டிநாட்டில் பள்ளத்தூர்ப் பக்கம் பூர்வீக வீடு உள்ள, இப்போது சென்னையில் இருக்கும் ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"வீட்டில் நாங்கள் நாலு பங்கு. செப்பனிடும் வேலையைப் போன தை மாதம் ஒருவரிடம் பேசி முடித்தோம். அவருடைய அப்பாவும் எங்கள் அப்பச்சி காலத்தில் இதே வீட்டில் கொத்து வேலை பார்த்தவர்தான், அதனால் பத்திரம் எதுவும் எழுதவில்லை, வாட்ஸ்அப்பில் ரேட் மட்டும் இருக்கிறது. மொத்தம் 23 லட்சம் வரும் என்று பேச்சு, 14 லட்சம் கொடுத்துவிட்டோம். முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) இரண்டுக்கும் சுண்ணாம்புப் பூச்சு முடிந்தது, ஓடு மாற்றியதும் முடிந்தது. வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டுத் தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிப்பதும் இரண்டு பாத்ரூமும் பாக்கி. இதுவரை முடித்த வேலைக்கு 16 லட்சம் என்று பில் கொடுத்திருக்கிறார். அதில் பூச்சு 6,400 சதுர அடி, அடிக்கு 180 ரூபாய். என் தம்பி மகன் போய் அளந்தால் 5,632தான் வருகிறது. கூரையிலிருந்து இறக்கிய தேக்குக் கைமரம் 18 காணோம், கேட்டால் அது கழிவு, ரேட்டிலேயே சேர்ந்தது என்கிறார். கூலியும் சாமானும் ஏறிவிட்டது, மொத்தத்துக்கும் 15 சதவீதம் கூட்டித் தந்தால்தான் மேற்கொண்டு வேலை என்கிறார். பாத்ரூம் எங்கே வைப்பது என்று எங்களுக்குள் முடிவாகாமல் சித்திரையிலிருந்து மூன்று மாதம் வேலை நின்றது உண்மை. ஐப்பசி மழைக்குள் முடிய வேண்டும். இவர் எங்களை ஏமாற்றுகிறாரா? வேறு ஆளைப் போடலாமா? கேஸ் போடலாமா?"

கூடவே தம்பி மகன் அளந்து எழுதிய தாளையும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அது இல்லாவிட்டால் இவ்வளவு விவரமாக என்னால் பதில் எழுதியிருக்க முடியாது.

ஆச்சி, கேட்ட மூன்றுக்கும் முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றுகிறார் என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. வேறு ஆளை இப்போது போட வேண்டாம், பாதி வேலையில் உள்ளே வரும் புது ஆள் முந்தினவர் வேலைக்குப் பொறுப்பேற்க மாட்டார், நாளைக்கு ஒழுகினால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். கேஸ் என்ற வார்த்தையை அவர் காதில் போடவே வேண்டாம், குறைந்தது இந்த மாதம். உங்கள் சிக்கல் நாலு தனித்தனிக் கணக்கு, நாலையும் ஒரே கோபத்தில் கட்டி வைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் நீங்கள் சரி, சிலவற்றில் அவர் சரி.

பூச்சு அளவிலிருந்து தொடங்குகிறேன், பெரிய பணம் அங்கேதான் இருக்கிறது. 768 சதுர அடி, 180 ரூபாய் வீதம் 1,38,240 ரூபாய்.

நீங்கள் 180 ரூபாய் என்று பேசினீர்கள். சதுர அடியை எப்படி அளப்பது என்று பேசவில்லை. நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது, 190 கேட்டார், 180க்கு இறக்கினோம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம், ஜன்னலுக்குக் கழிவு உண்டா, அதாவது அந்தப் பரப்பை அளவிலிருந்து கழிப்பார்களா, கதவுக்கு உண்டா, சுவரின் தடிமன்பக்கம் பூசுவது அளவில் சேருமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம். நான் அளவீட்டு வேலை கற்றது மஸ்கட்டில், குவாண்டிட்டி சர்வேயராக. அங்கே முதல் நாளே கையில் கொடுத்தது ரேட் பட்டியல் கிடையாது, எதை எப்படி அளக்க வேண்டும் என்ற விதிப் புத்தகம். அப்படியிருந்தும் ஊருக்குத் திரும்பி வந்து கோட்டையூரில் அம்மா வீட்டுக்குப் பூச்சு வேலை கொடுத்தபோது, சொந்த ஊர்க்காரர்தானே என்று ரேட்டை மட்டும் பேசிவிட்டு விட்டேன். கடைசிப் பில்லில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் வந்து, அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். இன்றைக்கும் அது என் மனசில் இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் தாளில் உள்ளபடி, பூசிய சுவர்களில் 3 அடிக்கு 4 அடி ஜன்னல் 14, 4 அடிக்கு 7 அடி கதவு 6, முகப்பிலிருந்து வளவுக்குப் போகும் 6 அடிக்கு 8 அடி பெரிய வாசல் ஒன்று. சுவர் தடிமன் 2 அடி. இரண்டு முகமும் பூச்சு. அவர் எதையும் கழிக்கவில்லை, சுவர் முழுவதையும் நீளம் பெருக்கல் உயரம் என்று போட்டு 6,400 எழுதியிருக்கிறார். தம்பி மகன் எல்லாத் திறப்பையும் இரண்டு முகத்திலும் கழித்திருக்கிறார். ஜன்னல் 14 பெருக்கல் 24, அது 336. கதவு 6 பெருக்கல் 56, அதுவும் 336. பெரிய வாசல் 96. ஆக 768. பிள்ளை கணக்கில் தப்பே இல்லை, பூசாத இடத்துக்கு ஏன் காசு என்பது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார்.

ஜன்னலைச் சுற்றிச் சுவரின் தடிமன் தெரிகிறதே, அதையும் கொத்தனார் பூசியிருக்கிறார். முனை நேராக நிற்க வேண்டும், ஓரம் கூராக வர வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடம் என்பதால் சின்னக் கோணல்கூடக் கண்ணில் படும், அகலமான சுவரில் ஒரு நாளில் முடிக்கும் அளவில் பாதிகூட அங்கே ஓடாது. ஒன்பது அங்குலச் சுவர் வீட்டில் இது சின்ன விஷயம். இரண்டடிச் சுவர் வீட்டில் இது பெரிய பரப்பு.

கணக்குப் பாருங்கள். 3 அடிக்கு 4 அடி ஜன்னலின் சுற்றளவு 14 அடி. இரண்டடிச் சுவரில் நிலைக்கட்டை 4 அங்குலம் பிடித்துக்கொண்டால் மிச்சம் 20 அங்குலம் பூச்சு. 14 அடியை 20 அங்குலத்தால் பெருக்கினால் 23 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு முகத்திலும் கழிக்க வேண்டியது 24. அதாவது உங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதையும் கழிக்காமல் அளப்பதும், எல்லாம் கழித்துத் தடிமன்பக்கத்தைச் சேர்த்து அளப்பதும் கிட்டத்தட்ட ஒன்றே. 14 ஜன்னலுக்கும் சேர்த்து வித்தியாசம் 10 சதுர அடிகூட வராது. இந்த இடத்தில் கொத்தனார் அளவு சரி.

கதவு அப்படி இல்லை. மூன்று பக்கம் 18 அடி, 20 அங்குலத்தால் பெருக்கினால் 30 சதுர அடி. கழிக்க வேண்டியது 56. ஒரு கதவுக்கு 26 சதுர அடி அவர் கூடப் போட்டிருக்கிறார், ஆறு கதவுக்கு 156. பெரிய வாசலில் கழிவு 96, சேர்க்க வேண்டியது சுமார் 37, மிச்சம் 59. எல்லாம் கூட்டினால் சுமார் 225 சதுர அடி அவர் பில்லில் அதிகம். உண்மையில் பூசிய பரப்பு 6,175 பக்கம் வரும். அவர் 40,500 ரூபாய் கூடக் கேட்டிருக்கிறார், உங்கள் தம்பி மகன் கணக்குப்படி கொடுத்தால் நீங்கள் சுமார் 97,700 ரூபாய் குறைத்துக் கொடுப்பீர்கள். 768இல் பெரும்பகுதி அவருடையது என்று தெரிந்த பிறகு, அவரிடம் நீங்கள் பேசும் குரலே மாறும் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் சில வாசல்களில் தடிமன்பக்கம் முழுவதும் தேக்குப் பலகை அடித்திருப்பார்கள், அங்கே பூச்சே இருக்காது. அப்படி உள்ள இடத்தில் தடிமன்பக்கத்தைச் சேர்க்கக் கூடாது. இதை நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும், தாளை வைத்து நான் சொல்லும் 6,175ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு அரசு விதி எதுவும் கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதியின் 12ஆம் பகுதி பூச்சு அளவுக்கு உரியது. அரை சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 5.4 சதுர அடி வரை உள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது, தடிமன்பக்கத்துக்குத் தனியாகக் காசும் கிடையாது. அரை முதல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை, ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு, கழிக்காமல் விட்ட மறுமுகம் தடிமன்பக்கத்துக்கு ஈடு. அதற்கு மேல் பெரிய திறப்பு என்றால் இரண்டு முகமும் கழித்துத் தடிமன்பக்கத்தைச் சேர்க்க வேண்டும். உங்கள் ஜன்னலும் கதவும் நடு வகை, பெரிய வாசல் மூன்றாம் வகை. இந்த விதிப்படி போட்டால் 6,005 சதுர அடி வருகிறது. ஆனால் இந்த ஈடு கட்டும் விதி இரண்டடிச் சுவர் ஜன்னலுக்குப் பொருந்தாது, 23 சதுர அடி பூசினவருக்கு 12 சதுர அடிக்குக் காசு கிடைக்கும். கதவுக்கோ ஒரு முகக் கழிவு 28, உண்மைக் கணக்கு 26, அழகாகப் பொருந்துகிறது. பேச்சில் எழுதாத ஒரு விதியை இப்போது எடுத்து நீட்டி ஜன்னலுக்கும் கழிப்பேன் என்பது எனக்குச் சம்மதமில்லை. 6,005க்கும் 6,175க்கும் இடையில் இருப்பது 30,600 ரூபாய், அதை நீங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் என்று நினைக்காதீர்கள், செய்த வேலைக்கான கூலி அது.

பூச்சு பற்றி இன்னொன்று, அளவோடு சேர்ந்ததுதான். 180 ரூபாய் எத்தனை பூச்சுக்கு? பழைய முறையில் அடிப்பூச்சு, மேல்பூச்சு, அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்க்கும் மெருகு என்று அடுக்கடுக்காக வரும். அடிப்பூச்சு சேதமில்லாத இடத்தில் மேல்பூச்சு மட்டும் போட்டுவிட்டு முழு ரேட் எழுதியிருந்தால் அது தனிப் பேச்சு. எந்தச் சுவரைச் செங்கல் வரை கொத்தினார்கள், எதை மேலோடு சுரண்டினார்கள் என்பது வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும், வாட்ஸ்அப் படங்களிலும் இருக்கும், தேடுங்கள். எங்காவது சிமெண்ட் கலவை போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும், இரண்டு மூன்று மழையில் உப்புப் பூத்து உரிந்து வரும், அந்த இடத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் பூசச் சொல்லுங்கள், ரேட்டில் பேரம் பேச வேண்டாம்.

அப்புறம் கைமரம். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

வீட்டிலிருந்து இறக்கிய பொருள் வீட்டுக்காரருடையது. வேறு விதமாக எழுதினால் ஒழிய அதுதான் இயல்பு, அரசு ஒப்பந்தங்களிலும் இடித்து எடுத்த சாமான் துறைக்கே சொந்தம் என்றுதான் எழுதியிருக்கும். புது வீட்டில் இடிபாடு என்றால் உடைந்த செங்கல், அள்ளிப் போடவே காசு தர வேண்டும். நம் பக்கத்து வீட்டில் இடிபாடு என்றால் பர்மாத் தேக்கு. ரேட்டிலேயே சேர்ந்தது என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு கழித்துக்கொண்டு அந்த ரேட் போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். ஒரு தொகை சொல்ல முடிந்தால் பேசலாம். சொல்ல முடியவில்லை என்றால் அப்படி ஒரு கணக்கு அன்றைக்கு இல்லவே இல்லை.

மரத்தைக் கன அடியில் அளக்க வேண்டும். அகலம் தடிமன் இரண்டையும் அங்குலத்தில் பெருக்கி, அதை அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 12 அடி நீளம், 4க்கு 3 அங்குலக் கைமரம் சரியாக ஒரு கன அடி. உங்கள் மரம் அந்த அளவு என்றால் 18 மரம் 18 கன அடி. நுனி மக்கிப் போனது, ஆணி ஓட்டை விழுந்தது எல்லாம் கழித்து நல்ல மரம் 12 தேறினாலும் சும்மா விடும் பணமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இரண்டு கடையில் இந்த அளவைச் சொல்லி வாங்கும் விலை கேளுங்கள், விற்கும் விலை வேண்டாம். அந்தத் தொகையைப் பில்லில் வரவு வைக்கச் சொல்லுங்கள். அல்லது மரத்தையே திரும்பக் கொண்டுவந்து இறக்கச் சொல்லுங்கள், இரண்டாங்கட்டில் எதற்காவது ஆகும். திருட்டு என்ற சொல் மட்டும் உங்கள் வாயிலிருந்தோ பங்காளிகள் வாயிலிருந்தோ வர வேண்டாம். பல வீடுகளில் வெளியூர்க்காரர்கள் அது குப்பை, எடுத்துக்கொண்டு போ என்று அவர்களாகவே சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தில் இவர் எடுத்திருக்கலாம். உங்கள் நாலு பங்கில் யாராவது அப்படிப் போனில் சொன்னார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. சிங்கப்பூரில் ஒருவர், சென்னையில் நீங்கள், ஊரில் ஒருவர் என்று நாலு பேரும் நாலு வேலை சொல்லியிருப்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. கொத்தனாருக்கு எல்லாரும் முதலாளி. ஒருவர் சொல்லிச் செய்த கூடுதல் வேலைக்கு இன்னொருவர் நான் சொல்லவில்லையே என்று காசு மறுக்க முடியாது, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நீங்கள் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவே சொல்கிறது. இன்றைக்கே பங்காளிகள் கூடி ஒருவர் பெயரைச் சொல்லிவிடுங்கள், அவர் எழுத்தில் சொன்னால்தான் வேலை என்று கொத்தனாருக்கும் தெரிவித்துவிடுங்கள். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம், மொய்யை நோட்டில் எழுதுகிறோம், அங்கெல்லாம் எழுதுவதை யாரும் அவமரியாதையாக நினைப்பதில்லை. பழைய குடும்பம், இவரிடம் எப்படி எழுதி வாங்குவது என்று நீங்கள் தயங்கியது எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த உறவு கெடாமல் இருக்கத்தான் ஆச்சி எழுத வேண்டும்.

15 சதவீதம். இதில் அவர் கேட்கும் தொகை அதிகம், ஆனால் கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் வேலை நின்றது உங்களால். அந்த மூன்று மாதமும் அவர் ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பார், சாரம் கட்டிய மரம் உங்கள் வீட்டில் முடங்கியிருக்கும், திரும்ப ஆள் சேர்க்கும்போது கூலி ஏறியிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் நம் பக்கத்திலேயே குறைந்துவிட்டார்கள், அவர்களைச் சேர்த்து வைத்திருப்பதே பெரிய பாடு.

ஆனால் 23 லட்சத்துக்கும் 15 சதவீதம் என்றால் 3,45,000. முடிந்த வேலைக்கு ஏற்றம் கிடையாது, அந்தச் சாமான் பழைய விலையில் வாங்கி, அந்தக் கூலி பழைய கூலியில் கொடுத்து முடிந்துபோனது. பாக்கி இருப்பது 7 லட்சம் வேலை. அதிலும் எல்லாமே ஏறியிருக்காது. பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுகிறேன், அதில் கூலி 40 சதவீதம் என்று வைத்தால் 2,80,000, கூலி 10 சதவீதம் ஏறியிருந்தால் 28,000. சாமான் 45 சதவீதம், 3,15,000, அது 6 சதவீதம் ஏறியிருந்தால் 18,900. மிச்சம் அவருடைய லாபமும் மேற்செலவும், அதற்கு ஏற்றம் இல்லை. ஆக 47,000 ரூபாய்க்குள் முடிகிறது. உண்மையான சதவீதம் எவ்வளவு என்பதை அவர் காட்டட்டும், தை மாதம் சாமான் வாங்கிய பில் ஒன்று, இப்போதைய பில் ஒன்று, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்று கொடுத்த நாள்கூலி, இன்று கொடுப்பது. ஏறிய அளவுக்குக் கொடுங்கள், முழு மனசோடு கொடுங்கள். சாரம் முடங்கியதற்கு வாடகை கேட்டால் அதையும் பேசித் தீர்த்துவிடுங்கள், அது உங்கள் பக்கத்துத் தாமதம்.

இனி நடக்கப்போகும் ஆத்தங்குடிக் கல்லுக்கு மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். 8 அங்குலக் கல் சதுர அடிக்கு இரண்டேகால் வரும், உங்கள் 1,000 சதுர அடிக்கு 2,250. அவர் 2,600 கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அது அதிகமாகப் படுகிறது, தூண் ஓரமும் கரைக்கல் வெட்டும் சேர்த்தாலும் 2,400 போதும். ஆனால் உடைசலுக்கென்று ஒரு 30, 40 கல் மீதி வைத்துக்கொள்வது நல்லதுதான், கண்ணாடி மேல் கையால் சாயம் ஊற்றிச் செய்கிற கல், அடுத்த தடவை வாங்கினால் அதே நிறம் வராது. பதித்த பரப்பைச் சுவர் முதல் சுவர் வரை அளப்பது, தூண் பீடத்தைக் கழிப்பது, சுவரோரக் கல்லை ஓட்ட அடியில், அதாவது நீளத்தை மட்டும், தனியாக அளப்பது, மீந்த கல் உங்களுடையது என்பது, இந்த நாலும் எழுத்தில் இருந்தால் போதும்.

இனி எப்படி உட்கார்ந்து பேசுவது. காசைப் பற்றி முதல் நாள் பேசாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஊருக்குப் போங்கள், தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு. டேப்பின் ஒரு முனையைக் கொத்தனார் பிடிக்கட்டும், மறுமுனையைத் தம்பி மகன், நீங்கள் நோட்டில் எழுதுங்கள். பொதுப்பணித்துறையில் எம்-புக் என்பார்களே, அளவுப் புத்தகம், அதேதான். அறை, சுவர், நீளம், உயரம், திறப்பு, தடிமன்பக்கம், அவ்வளவுதான். ஒத்துவராத அளவு வந்தால் அங்கேயே நின்று திரும்ப அளங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேர் கையெழுத்து. மதியம் சாப்பாடு போடுங்கள். பணப் பேச்சு மறுநாள், அதுவும் நாலு விஷயத்தையும் ஒரே உட்காரலில். ஒவ்வொன்றாகப் பேசினால் ஒவ்வொன்றிலும் யாராவது தோற்க வேண்டியிருக்கும், ஒன்றாக வைத்தால் இங்கே விட்டதை அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும், இதை முக்கியமாகச் சொல்கிறேன். தம்பி மகன் அளவையே வைத்தாலும் பில் 14,61,760 வருகிறது. கொடுத்தது 14 லட்சம். அதாவது உங்கள் சொந்தக் கணக்குப்படியே 61,760 ரூபாய் நீங்கள் பாக்கி. தகராறில்லாத பணத்தைத் தகராறைக் காட்டி நிறுத்தி வைக்கக் கூடாது. சனிக்கிழமை ஆனால் அவர் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும், அந்தப் பணத்தை அவர் வட்டிக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். 60,000 ரூபாயை இந்த வாரமே வங்கி வழியாக அனுப்புங்கள்.

அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்கலாம். மொத்தத்தில் 5 சதவீதம், அதாவது லட்சத்துச் சொச்சம், கடைசியில் பிடித்து வைத்திருந்து தை பிறந்ததும் கொடுப்பதாக எழுதுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை தாண்டினால்தான் மாற்றிய ஓடு எங்கே ஒழுகுகிறது, பூச்சு எங்கே பொருமுகிறது என்று தெரியும். முதலில் பேசாத நிபந்தனை என்பதால் அவர் மறுக்கலாம், பில் கொடுத்த பத்து நாளுக்குள் பணம் என்று நீங்களும் ஒரு வாக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்.

எல்லாம் செய்தும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, வீடு கட்டும் வேலை 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவையாகவே வருகிறது, கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட அளவிலேயே போகலாம், குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. அங்கே போனாலும் முதலில் கேட்கப்போவது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட அளவு எங்கே என்பதைத்தான்.

அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றீர்கள். பணம் அனுப்பின கையோடு இதை அப்படியே அனுப்புங்கள்:

"தம்பி, 60,000 ரூபாய் போட்டிருக்கிறேன், ஆட்களுக்குக் கொடுங்கள். பூச்சு அளவில் எங்கள் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது, ஜன்னல் தடிமன்பக்கத்தை விட்டுவிட்டோம். வருகிற ஞாயிறு காலை நான் ஊருக்கு வருகிறேன், சேர்ந்தே அளந்துவிடுவோம். இறக்கின கைமரத்தின் அளவும் எண்ணிக்கையும், தை மாதச் சாமான் பில்லும் இப்போதைய பில்லும் எடுத்து வையுங்கள். கூலி ஏறினதற்கு உரியதைத் தருகிறோம். மதியம் சாப்பாடு நம் வீட்டில்."